கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஈரல் ஸ்கேன்

டேய் நைனா,

கோபப்படாமல் படி. கோபம் வந்தால் முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. உன்னைக் கேட்காமல் நேற்று நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. போனில் சொன்னால் நீ "ம்ம், ம்ம்" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் காதில் வைத்துக்கூடக் கேட்பதில்லை. அதனால்தான் எண்ணூர் ரோட்டில் இந்த லாரி எடை மேடை கேபினில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்று சொல்வதே பொய். இரண்டு வரி எழுதுவதற்குள் ஒரு லாரி வந்து ஹாரன் அடிக்கிறது. லாரி வராவிட்டாலும் நானே எழுந்து வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன். காலையிலிருந்து ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நாளைக்கு வியாழக்கிழமை உனக்கு ஸ்கேன். நீ ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னதும் எனக்குத் தெரியும், கல்யாணம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னதும் தெரியும். நான் திரும்ப அவர்களுக்குப் போன் போட்டு அதே நேரத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அந்தக் கவுன்டர் பெண் சலித்துக்கொண்டது. "சார், பேஷன்ட் வேணாங்கிறாரு, நீங்க வேணுங்கிறீங்க, வூட்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க சார்" என்றது. அது சொன்னதில் தப்பே இல்லை. வீட்டில்தான் யாரும் பேசுவதில்லையே. நான் ஆரம்பித்தால் நீ பைக் சாவியை எடுக்கிறாய், நீ ஆரம்பித்தால் நான் கத்துகிறேன், நடுவில் உங்கம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள்.

உனக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் என் தலைக்குள் ஒரு வரிசைக்கு வருகிறது. கைக்குழந்தையாக இருந்தபோதே உனக்குத் தலசீமியா என்று சொல்லிவிட்டார்கள். உன் உடம்பு நல்ல ரத்தம் ஊற வைக்காது, சில வாரங்களுக்கு ஒருமுறை யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றித்தான் ஆகவேண்டும். எனக்கும் உங்கம்மாவுக்கும் பாதி பாதியாக இருந்தது உன்னிடம் முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. சரி, ரத்தம் ஏற்றினால் பிழைத்துக்கொள்வான் என்று இருந்தோம். அப்புறம்தான் லேடி டாக்டர் அடுத்த குண்டைப் போட்டார். ஏற்றுகிற ஒவ்வொரு பையிலும் இரும்பு வருகிறது, அதை வெளியே தள்ள உடம்பில் வழியே கிடையாது, ஈரலில் போய்ப் படிந்துகொண்டே இருக்கும், மிஞ்சினால் இருதயத்துக்கும் போகும் என்றார். அந்த இரும்பை வெளியேற்றத்தான் மாத்திரை. அந்த மாத்திரை வேலை செய்கிறதா, எவ்வளவு இரும்பு பாக்கி இருக்கிறது என்று பார்க்கத்தான் ஸ்கேன். இவ்வளவுதான் கதை. இந்தச் சின்னக் கதைக்குள்தான் நம் மூன்று பேரின் இத்தனை வருஷமும் ஓடியிருக்கிறது.

நீ ஸ்கூல் போக ஆரம்பித்த புதிதில் ஒருதரம் விலாவில் ஊசி போட்டு ஈரலில் துளி சதை எடுத்தார்களே, நினைவிருக்கிறதா? நீ மறந்திருந்தால் நல்லது. உங்கம்மா மறக்கவில்லை. அன்றைக்கு முழுக்க உன்னைப் புரளக்கூடாது என்று படுக்க வைத்து, நீ அழுததைவிட அவள் அதிகம் அழுதாள். அதன் பிறகு ஊசி வேண்டாம், எம்.ஆர்.ஐ. போதும் என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. உள்ளே இருக்கிற இரும்பை வெளியே இருந்தே எப்படி அளப்பார்கள்? டாக்டர்தான் விளக்கினார். பெரிய காந்தத்துக்கு நடுவில் படுக்க வைத்துப் படம் எடுப்பார்கள். இரும்பு இருக்கிற ஈரல் அந்தப் படத்தில் சீக்கிரமாகக் கறுத்துப் போகும். எவ்வளவு வேகமாகக் கறுக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டால் எவ்வளவு இரும்பு என்று தெரிந்துவிடும். ஊசி இல்லை, கத்தி இல்லை, அதே படுக்கையில் இருதயத்தையும் பார்த்துவிடலாம். எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. லாரியில் இருக்கிற சரக்கை இறக்காமலே எடை சொல்வதுதானே என் பிழைப்பும்!

முதல் ஸ்கேன் அன்று நான் பண்ணின கூத்து உனக்குக் கட்டாயம் நினைவிருக்கும். நீ பயப்படுகிறாய் என்று உன்னோடு உள்ளே வர என்னை அனுமதித்தார்கள். பெல்ட், சாவி, மோதிரம், கழுத்துச் சிலுவை எல்லாவற்றையும் கழற்றி உங்கம்மா கையில் கொடுத்தேன். டூட்டியிலிருந்து நேராக வந்தவன், காலில் இருந்த கம்பெனி ஷூவை மறந்துவிட்டேன். அதன் முனையில் இரும்புத் தகடு இருக்கும். கதவைத் தாண்டப் போகும்போது டெக்னீஷியன் போட்ட சத்தத்தில் நீ அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாய். "யோவ் பெரியவரே, உன்ன அப்டியே இஸ்துக்கும்யா!" என்றார். அப்போது எனக்கு ஒன்றும் அவ்வளவு வயசாகவில்லை, பெரியவராம்! ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சை உள்ளே இழு, பிடி, விடு என்று ஸ்பீக்கரில் சொல்லச் சொல்ல, நானும் உன்னோடு பிடித்துப் பிடித்து விட்டேன்.

அப்படி வளர்ந்தவன் இன்றைக்கு எனக்கே சமாதானம் சொல்கிறாய். போன வாரம் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "யப்பா, சொம்மா பேஜார் பண்ணாதப்பா. ஃபெரிட்டின் எறங்கிக்கீது. ஈரல் மெத்துனு கீதுன்னு கேம்ப்ல சொல்லிட்டாங்கோ. இன்னும் இன்னா வேணும் உனுக்கு?" நான் கத்தினேன். கத்தினது தப்பு, ஆனால் கத்தின விஷயம் தப்பில்லை. இப்போது கத்தாமல் சொல்கிறேன், கேள். போன தடவை ரத்தத்தில் ஃபெரிட்டின், அதுதான் அந்த இரும்புக் கணக்கு, பார்த்தபோது உனக்கு நல்ல காய்ச்சல். காய்ச்சலில் அந்த எண் தானாக ஏறும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். இந்த முறை காய்ச்சல் இல்லை, எண் இறங்கியிருக்கிறது. மழையில் நனைந்த தார்ப்பாயோடு வந்த லாரி அதிக எடை காட்டும், மறுநாள் காய்ந்ததும் குறையும். அதனால் உள்ளே இருக்கிற சரக்கு இறங்கிவிட்டது என்று எந்த ஓனராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வேனா? அடுத்து அந்த கேம்ப். விலாவில் ஒரு கருவியை வைத்துத் தட்டிப் பார்த்தார்களே, அது ஈரல் தடித்து இறுகியிருக்கிறதா என்று பார்க்கிற மெஷின். நல்ல மெஷின்தான், அந்தச் சேதி எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இரும்பு எவ்வளவு என்று அது சொல்லாது. நான் டாக்டரிடம் கேட்டேன். மெத்தென்று இருக்கிற ஈரலிலும் இரும்பு நிறைய இருக்கலாம், இறுகுவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம் என்றார்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். மாத்திரையை விட்டு விட்டுத்தான் போடுகிறேன் என்று நீயே உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். வயிற்றைப் புரட்டுகிறது, ஞாயிற்றுக்கிழமை ஜான்சி வீட்டில் இருக்கும்போது டம்ளரில் சுண்ணாம்புத் தண்ணி மாதிரி கரைத்துக் குடித்தால் என்னவென்று கேட்பார்கள் என்றாயாம். அப்படியானால் எண் ஏறியிருக்கும் என்று உனக்கே தெரிகிறது. தெரிந்துதான் ஸ்கேனைத் தள்ளுகிறாய். ஜான்சி கழுத்தில் தாலி ஏறும்வரைக்கும் அந்த எண் யார் கண்ணிலும் படக்கூடாது. இதுதானே?

ஒரு டிரெய்லர் வந்துவிட்டது. இரு.

ஜான்சியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அந்தப் பெண் எல்லாம் தெரிந்துதான் உன்னை வேண்டும் என்றது. யாரும் சொல்லாமல் தானே போய் ரத்தம் கொடுத்துப் பார்த்து, தன்னிடம் தலசீமியா பாதியும் இல்லை, பிறக்கிற பிள்ளைக்கு இந்த நோய் வராது என்று தெரிந்துகொண்டு வந்து என் முன்னால் நின்றது. "மாமா, ஒரு கவல வுட்டுச்சி" என்று சிரித்தது. என் பிரச்சினை அதன் அம்மா. திருவொற்றியூர் தேரடியில் சாயங்காலமானால் வண்டி போட்டு, ஆட்டுக் குடல் போட்டியும் ஈரலும் வறுத்து விற்று, தனியாளாக அந்தப் பெண்ணைப் படிக்க வைத்த பொம்பளை. அவரிடம் நீ சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "ரத்தம் கம்மி." அந்த அம்மாவுக்கு அது போதாதா? ரத்தம் கம்மி என்று யார் வந்தாலும் ஆட்டு மண்ணீரலை, அதுதான் சுவரொட்டியை, மிளகு போட்டு வதக்கிக் கொடுக்கிறவர் அவர். பிள்ளை பெற்றவர்களும் ஆபரேஷன் ஆனவர்களும் அந்த வண்டியைத் தேடி வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு விடுவாரா? நீயும் வாரா வாரம் இலையில் வைத்ததைச் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு வருகிறாய். உடம்பில் இரும்பு கூடிப்போனவனுக்கு இரும்புச் சத்துச் சாப்பாடு! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஏற்றுகிற ரத்தத்தில் வருகிற இரும்புக்கு முன்னால் இந்தச் சாப்பாட்டு இரும்பு கொஞ்சம்தான், இருந்தாலும் ஈரலும் சுவரொட்டியும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு உறுத்தினது அந்தக் கொஞ்சம் இரும்பு இல்லை. அந்த அம்மா அவ்வளவு ஆசையாகக் கொடுக்கிறதை, உள்ளுக்குள் பொய்யை வைத்துக்கொண்டு நீ வாங்கித் தின்கிறாயே, அதுதான்.

அப்படியும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். போன ஞாயிறு நம் சர்ச் பூசையில் உங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். சாமியார் உன் பெயரையும் அவள் பெயரையும் வாசித்துவிட்டு, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்க வேண்டும் என்றார். எத்தனை பேர் ஓலையில் இதைக் கேட்டிருக்கிறேன், காதில் விழுந்ததே இல்லை. அன்றைக்கு யாரோ என் சட்டையைப் பிடித்துத் தூக்குவது மாதிரி இருந்தது. நோய் தடை இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் இதே ஓலையைத் திருவொற்றியூரில் அவர்கள் சர்ச்சில் அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாரே, மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சந்தோஷப்படுவாரே என்று நினைத்ததும் என்னால் உட்கார முடியவில்லை. நற்கருணைக்குக்கூடப் போகாமல் வெளியே வந்து கல்மண்டபம் வரை நடந்தே போய்விட்டேன். உங்கம்மா வந்து திட்டினாள்.

திங்கட்கிழமை முழுக்க உன்னிடம் பேசப் பார்த்தேன், நீ பிடி கொடுக்கவில்லை. நேற்று சாயங்காலம் டூட்டி முடிந்து வீட்டுக்கு வராமல் தேரடியில் இறங்கினேன். வண்டியில் அப்போதுதான் அடுப்பு பற்றவைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "இன்னா சம்மந்தி, தனியா வந்துகீறீங்க, தம்பி வர்ல? வந்தது நல்லதா போச்சி, இத்த எடுத்துகினு போங்க" என்று தனியாகக் கட்டி வைத்திருந்த பொட்டலத்தை நீட்டினார். "சுவரொட்டி. தம்பிக்குன்னு எடுத்து வெச்சேன். இன்னும் கொஞ்ச நாளு வுடாம துன்னா, கல்யாணத்துக்குள்ள மூஞ்சி செவந்துரும் பாருங்க."

நான் பொட்டலத்தை வாங்கவில்லை. கையை நீட்டினால் சொல்ல வந்தது போய்விடும் என்று பயம். "சம்மந்தி, அவனுக்கு இது ஆவாது. அவனுக்கு இரும்பு கம்மி இல்ல, ஜாஸ்தி" என்று ஆரம்பித்து, பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நடுவில் ஒருத்தர் வந்து போட்டி கேட்டார். அந்த அம்மா அவரைப் பார்க்காமலே "இன்னிக்கி இல்ல, போ" என்று சொல்லி அடுப்பை அணைத்துவிட்டார். முழுசும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "எம் பொண்ணுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். அதற்கப்புறம்தான் வெடித்தார். "அப்போ நான் ஒருத்திதான் பைத்தியக்காரியா? நான் பாத்துப் பாத்து வறுத்துக் குடுத்துகினு கீறேன், தம்பி துன்னுகினு கீது, இவ பக்கத்துல குந்திகினு பாத்துகினு கீறா. ஒரு வார்த்த சொல்லல! எங்கையால நானே கெடுத்துகினு இருந்துக்கீறனே சம்மந்தி!" அவர் கண் கலங்கினதும் எனக்கும் கலங்கிவிட்டது. நடுரோட்டில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றோம். நீ தின்றதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை, வந்த இரும்பெல்லாம் ரத்தத்தில் வந்தது என்று அவருக்குப் புரிய வைக்க எனக்குப் பெரும்பாடு ஆகிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "ஈரலுக்குள்ள இரும்பு கீதுன்னு எப்டி தெரியும்? நானும் தெனம் ஈரல் அறுக்குறவதான். அறுத்தாதான் உள்ள நல்லா கீதா, பூட்ச்சான்னு எனக்கே தெரியும். தம்பிய வவுத்த அறுப்பாங்களா?" அறுக்க மாட்டார்கள், ஊசிகூடக் கிடையாது, காந்தத்துக்குள் படுத்து மூச்சைப் பிடித்து விட்டால் போதும், தெரிந்துவிடும் என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அறுக்காமியே தெரியுதா? அப்போ தம்பிக்குப் போறதுக்கு இன்னா?"

டேய், உன்னிடம் நான் எத்தனை நாள் கத்தினேன், எத்தனை விளக்கம் சொன்னேன், இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஊசிக்குப் பயந்தால் நான் உன்னை விட்டிருப்பேன். நீ பயப்படுவது மெஷினுக்கு இல்லை, எண்ணுக்கும் இல்லை. எண் ஏறினால் மாத்திரையை ஒழுங்காகப் போட்டு இறக்கலாம், ஏற்கெனவே இறக்கியிருக்கிறோம், உனக்கே தெரியும். அந்த எண் தெரிந்த பிறகும் உன்னை வேண்டும் என்பார்களா என்றுதான் பயப்படுகிறாய். உன்னைப் போய் யாருடா வேண்டாம் என்பார்கள்?

கல்யாணம் நின்றுவிட்டதா என்றுதானே முதலில் கேட்பாய்? நிற்கவில்லை. உறுதி என்றும் அந்த அம்மா சொல்லவில்லை. நான் கிளம்பும்போது சொன்னது இதுதான்: "நாளானிக்கு போய் எடுத்துகினு வர்ட்டும். எவ்ளோனா வர்ட்டும், எனுக்கு அத்தப் பத்தி ஒண்ணும் இல்ல. ஆனா தம்பி வந்து அது வாயால எங்கிட்ட சொல்லணும். நீங்க சொன்னது கணக்குல வராது. ஞாயித்துக்கெயம ரெண்டாவது ஓல வாசிக்கிறாங்கோ. அதுக்குள்ள வர்ல, நானே சாமியாராண்ட போய் நிறுத்தச் சொல்லிருவேன்." சொல்லிவிட்டு அடுப்பை மறுபடி பற்றவைத்தார். செய்யக்கூடிய பொம்பளைதான், விளையாட்டாக நினைக்காதே.

ஜான்சி இன்று காலையில் எனக்குப் போன் போட்டது. அம்மா நேற்றிலிருந்து அதனோடு பேசவில்லையாம். "இன்னா மாமா இப்டி பண்ணிட்டீங்க" என்று அழுதது. திட்டப்போகிறது என்று நினைத்தேன். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நல்லதுதான் மாமா, எனுக்கே ஒவ்வொரு வாரமும் அத்த பாத்துகினு குந்திகீறது கஷ்டமாத்தான் இருந்துச்சி" என்றது. பார்த்தாயா, நீ உன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ளவில்லை, அவளையும் சேர்த்துப் பொய்யில் உட்கார வைத்திருந்தாய். கல்யாணம் என்றால் ஒருத்தர் உடம்பு இன்னொருத்தருக்கும் தெரிந்த உடம்பு. உங்கம்மாவுக்கு என் முதுகுவலி எனக்குத் தெரிவதற்கு முன்னால் தெரியும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நிம்மதிதான் இருக்கிறது. நாளைக்கு ஜான்சி லீவு போட்டிருக்கிறது. காலையில் ராயபுரம் ஸ்டேஷனில் நிற்கும். நீ போகாவிட்டாலும் அது நிற்கும், அது அப்படிப்பட்ட பெண்.

நான் வரவில்லை. இத்தனை வருஷமும் உன் ரிப்போர்ட்டைக் கவுன்டரில் கை நீட்டி வாங்கினவன் நான்தான். கவரைப் பிரித்து அந்த எண்ணை முதலில் பார்த்தவனும் நான்தான். நல்ல எண் என்றால் படியிறங்கும்போதே சிரிப்பேன், கெட்ட எண் என்றால் உன்னிடம் சொல்வதற்கு முன்னால் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன். அது என் வேலை என்றே இருந்துவிட்டேன். நாளைக்கு அந்தக் கவரை நீ வாங்கு. எனக்குப் போன் போடாதே. ஜான்சியிடம் காட்டு. இரண்டு பேருமாக நேராகத் தேரடிக்குப் போய், வண்டி முன்னால் நின்று, அந்த எண் என்னவோ அதை உன் வாயால் சொல். நான் இங்கே லாரிகளை ஏற்றி இறக்கிக்கொண்டு, போனைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். என்னால் வேறு மாதிரி இருக்க முடியாது. இருந்தாலும் நைனா, நீ முதலில் சொல்லவேண்டியது இனிமேல் என்னிடம் இல்லை.

உன் அப்பா